கச்சான் அடித்தும் பேட்டரி நிறையவில்லையே!

வாசகர் கேள்வி

கேள்வி: தோப்பில் 12 மீட்டர் கம்பத்தில், 3 மீட்டர் விட்டமுள்ள மூன்றிறக்கைக் காற்றாலை நிற்கிறது. ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வழியே நேரே 48 வோல்ட் பேட்டரிக்குப் போகிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று ஓங்குவதும் ஓய்வதுமாக இருக்கிறது. ஓங்கும்போதும் ஆம்பியர் ஏறவில்லை. சும்மா கிடக்கும் சோலார் கன்ட்ரோலரைப் போடலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: வேண்டவே வேண்டாம். பேட்டரி நிறைந்ததும் அது லோடை, அதாவது காற்றாலை மீதுள்ள மின்சுமையை, விட்டுவிடும். பிடி விட்ட காற்றாலை தறிகெட்டுச் சுற்றும். வோல்டேஜ் எகிறி கன்ட்ரோலர் கருகும். இன்னொன்று, அது லோடைக் கொஞ்சம் கூட்டி, வாட் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து நகரும் சாதனம். காற்றே ஏறி இறங்கும் இடத்தில், ஏறியது தன்னாலா காற்றாலா என்று அதற்குத் தெரியாது.

உங்கள் ஆம்பியரைத் தடுப்பது நேரடி இணைப்புதான். இறக்கையின் நுனி, காற்றைப்போல் சுமார் 6 மடங்கு வேகத்தில் ஓடினால்தான் இந்த வகை நன்றாக உழைக்கும். காற்று விநாடிக்கு 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 150 சுற்று, 8 மீட்டர் என்றால் 300. ஜெனரேட்டரின் வோல்டேஜ் சுற்றோடு ஏறும்; பேட்டரியோ ஐம்பது சொச்சம் வோல்ட்டை விட்டு நகராது. 150 சுற்றில் சார்ஜ் தொடங்கினால், காற்று இரட்டித்தாலும் பேட்டரி சுற்றை 200 பக்கமே பிடித்து வைத்துவிடும். காற்று இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. கச்சான் கொண்டுவந்து கொட்டுவதில் பெரும்பங்கை இப்படித்தான் இழக்கிறீர்கள்.

காற்றாலைக்கென்றே வரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (கிடைக்கும் காற்றில் அதிகபட்ச வாட்டை இழுக்கும் சாதனம்) வாங்குங்கள். சுற்றுக்கு இத்தனை வாட் என்று நாமே பதியும் வசதி அதில் இருக்க வேண்டும். உங்கள் இறக்கைக்கு 30 சதவீதத் திறன் வைத்தால் 150 சுற்றுக்கு 80 வாட், 225-க்கு 270, 300-க்கு 640. முதலில் இவற்றில் முக்கால்வாசியைப் பதிந்து, சில நாள் கவனித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இறக்கை விசிலடித்தால் லோடு போதவில்லை. காற்று இருக்கும்போதே சுற்று பொத்தென்று விழுந்தால் லோடு கூடிவிட்டது; ஒரு படி இறக்குங்கள்.

300 சுற்றில் வோல்டேஜ் 100 பக்கம் வரும்; கன்ட்ரோலர் 200 வோல்ட்டாவது தாங்கட்டும். பேட்டரி நிறைந்தபின் மின்சாரம் போக 2 ஓம், 1.5 கிலோவாட் டம்ப் லோடு (மிஞ்சும் மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம். அதைச் சுவரை ஒட்டி மாட்டாதீர்கள், நன்றாகச் சுடும்.

கேள்வி: காற்றாலையின் தலை ஒரு திசையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. வால் தகட்டைப் பெரிதாக்கலாமா?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: வாலில் குற்றமில்லை. தென்மேற்கில் பனைகள் நிற்கின்றனவா பாருங்கள். 15 மீட்டர்ப் பனை குலைத்த காற்று 30 மீட்டர் உயரம் வரையும், பின்னால் 300 மீட்டர் வரையும் சுழலும். தலை ஆட ஆட, கிடைக்கும் மின்சாரமும் குறையும், பேரிங்கும் தேயும்.

ஒரு பட்டத்தின் நூலில் 3 மீட்டருக்கு ஒன்றாக, ஒன்றரை மீட்டர் நாடாக்களைக் கட்டிக் கம்பத்தருகே ஏற்றுங்கள். கீழ்நாடாக்கள் சுருண்டு துடிக்கும். எந்த உயரத்திலிருந்து நாடா நீட்டி நிற்கிறதோ அங்கேதான் நல்ல காற்று. அவ்வளவு உயரக் கம்பம் கட்டுபடியாகாவிட்டால், பனைகளைத் தாண்டித் தென்கடல் பக்கம் கம்பத்தை நகர்த்துங்கள். கச்சான் அங்கே தடையில்லாமல் வரும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் அதே பனைகள் மறிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மூன்று வருடத்தில் உற்பத்தி குறைந்துவிட்டது. கம்பமும் இறக்கையும் அப்படியே இருக்கின்றன.
- வாசகர், பாம்பன்

பதில்: உப்புதான். இறக்கையின் முன்விளிம்பை விரலால் தடவுங்கள். சொரசொரத்தால் நல்ல தண்ணீரில் கழுவி, பாலியூரிதேன் டேப் ஒட்டுங்கள். அடுத்து ஒயர் முனைகள். பிரேக் போட்டுக் கம்பத்தை இறக்கிய பிறகே தொடுங்கள். பச்சை பூத்த செம்பை வெட்டியெறிந்து, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டு, கிரீஸ் தடவி மூடுங்கள்.