பரோலோ கசக்கிறதா, துவர்க்கிறதா?

கேள்வி: இத்தாலி போய் வந்த நண்பர் பரோலோ சிவப்பு வைன் ஒரு பாட்டில் கொடுத்தார். நேற்று ஃபிரிட்ஜில் வைத்து, காரமான மட்டன் சுக்காவோடு குடித்தோம். ஒரே கசப்பு. கெட்டுப்போய்விட்டதா? பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது, கொட்டிவிடவா?

பதில்: கொட்டாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடையோ நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ அடித்தால்தான் கவலை.

அப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கை மேல்பல்லின் உட்பக்கம் தேய்த்துப் பாருங்கள். நாவல்பழம் தின்றபின் இருப்பது போல வழவழப்புப் போய் வறட்டென்று இருந்தால், நீங்கள் கசப்பு என்பது பெரும்பாலும் துவர்ப்புதான். பாகற்காய்க் கசப்பு வேறு. துவர்ப்பு என்பது திராட்சையில் உள்ள டானின் என்ற வேதிப்பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டுபோகும் உணர்வு. அறுசுவையில் இரண்டையும் பிரித்துப் பெயர் வைத்திருக்கும் நாமே பழகாத பானத்தில் குழம்பிவிடுகிறோம்.

பரோலோ வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தேயில் நெபியோலோ திராட்சையில் செய்வது. வெளிறிய நிறத்தைப் பார்த்து லேசான வைன் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் தோலிலும் விதையிலும் டானின் ஏராளம். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், முதிரவைத்த பிறகே விற்கலாம் என்று அங்கே விதியே உண்டு. அப்படியும் இளம் பாட்டில் முரடாகத்தான் இருக்கும். நிஜக் கசப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். விதையிலிருந்து இறங்கும் கேட்டசின் போன்ற சின்ன மூலக்கூறுகள் கசக்கும். அவையே கோத்து நீண்டால் துவர்ப்புத் தூக்கலாகும்.

ஃபிரிட்ஜ் குளிர்ச்சி இரண்டையும் இன்னும் எடுத்துக்காட்டியிருக்கிறது. மிளகாய் பட்ட நாக்கில் ஆல்கஹாலும் சேர்ந்து எரிந்திருக்கும். வைனின் மேல் தப்பில்லை.

சரி, மிச்சத்தை இன்றே முடியுங்கள், நாளாக ஆக காற்றுப் பட்டுக் கெடும். குடிப்பதற்குச் சற்று முன்பே வெளியே எடுத்து, 16 முதல் 18 டிகிரிக்கு வரவிடுங்கள். நம் வீட்டு வெயிலில் அதற்கு மேல் விட்டால் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும். வாயகன்ற கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள். காரமில்லாத மட்டன் வறுவலோ, பர்மேசான் மாதிரி உப்புச் சீஸோ பக்கத்தில் இருக்கட்டும். உப்பு கசப்பை அடக்கும். புரதமும் கொழுப்பும் டானினின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும். முதலில் சீஸ் இல்லாமல் ஒரு வாய், பிறகு சீஸை மென்று ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இரண்டாவது வாயில் ரோஜா வாசனைகூடத் தட்டுப்படலாம்.