மறு: போட்டியின் கவுன்ட்டவுன் காலை 5.30க்கே பூஜ்ஜியமாகிவிடுகிறது

31ஆம் தேதி முழுவதும் ஓட வேண்டிய உங்கள் இணையப் பக்கத்தின் கவுன்ட்டவுன் (மீதி நேரம் காட்டும் கடிகாரம்) அன்று காலை 5.30க்கே முடிவதற்குத் தீர்வு இதுதான்: நிரலில் முடிவுத் தேதியோடு நேரத்தையும் இந்திய நேர வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2025-08-31 என்பதற்குப் பின் இடைவெளி விடாமல் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘T’, அடுத்து 23:59:59, கடைசியில் +05:30. இனி 31ஆம் தேதி முடியும் நள்ளிரவில்தான் போட்டி முடியும்.

அந்த 5.30தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. வெறும் தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்மொழி) அதை உலகப் பொது நேரத்தின் (UTC) நள்ளிரவாக, அதாவது அந்தத் தேதி தொடங்கும் நேரமாக, எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை 5.30. நேரத்தைச் சேர்த்து +05:30ஐ விட்டுவிட்டாலோ, பார்ப்பவரின் கணினி எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். எந்த ஊர் நியாயம் இது என்று கேட்காதீர்கள், மொழியின் விதியே அப்படித்தான்.

சரிபார்க்க: திருத்தும் முன் அந்தத் தேதியை உலாவியின் கன்சோலில் (நிரலின் வெளியீட்டைக் காட்டும் பகுதியில்) அச்சிட்டுப் பாருங்கள், 05:30:00 என்று வரும். திருத்திய பிறகு குரோமின் டெவலப்பர் கருவிகளில் ‘சென்சார்ஸ்’ (Sensors) பகுதியைத் திறந்து, இடத்தை டோக்கியோ என்று மாற்றிப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். மீதி நேரம் மாறாமல் இருக்க வேண்டும். அது மூன்றரை மணி நேரம் குறைந்தால் +05:30 விடுபட்டிருக்கிறது.

ஒன்று மட்டும்: நேரம் முடிந்ததும் ‘கலந்துகொள்’ பொத்தானை முடக்குவது வெறும் கண்துடைப்பு. கணினிக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பினாலே அது திறந்துகொள்ளும். பரிசுப் போட்டி என்பதால் யாராவது திருப்பியும் பார்ப்பார்கள். தாமதமாக வரும் பதிவுகளை சர்வரே தன் கடிகாரத்தைப் பார்த்து நிராகரிக்க வேண்டும். அந்தப் பகுதியை வேறொருவர் எழுதுகிறார் என்றால் இன்றே அவரிடம் கேட்டுவிடுங்கள்.