காலப்பயணி ஒருவர் இடைக்காலச் சமுதாயத்தில் வாழ்ந்தால் அவருக்கு என்ன பயன்?

இன்றைய மனிதர் ஒருவர் காலத்தில் பின்னோக்கிச் சென்று இடைக்காலச் சமுதாயம் ஒன்றில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தால் அவருக்கு என்ன பயன் கிடைக்கும் என்பது கேள்வி. நான் பர்மாவில், மோல்மீன் நகரில் பிறந்து வளர்ந்த தமிழன். மருந்துக்கடை ஒன்றில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இடைக்காலம் என்றதும் ஐரோப்பியக் கோட்டைகளும் குதிரை வீரர்களும் பலருடைய நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது ஐராவதிக் கரையிலுள்ள, பர்மிய அரசர்களின் இடைக்காலத் தலைநகரான பகான். ஆகவே பகானை வைத்தே பதில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே போய்ப் புதிய பொறிகளைச் செய்து காட்டி, அரசனை வியக்க வைத்து, பெருஞ்செல்வம் சேர்க்கலாம் என்று எண்ணுபவர் ஏமாந்துபோவார். அவர் அடையக்கூடிய பெரிய பயன், கல்லும் ஏடும் நமக்குக் காப்பாற்றித் தராத சிலவற்றைக் காதால் கேட்பதும் கண்ணால் பார்த்துக் கற்பதும்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் உயிரோடும் யாருக்கும் அடிமைப்படாமலும் இருந்தாக வேண்டும்; அப்படி இருக்க, அவரைத் தம்மவராக ஏற்றுக்கொள்ளும் ஒரு கூட்டம் அங்கே வேண்டும்.

பகானின் பழைய மதிலுக்குத் தெற்கே, நடந்தே போகக்கூடிய தூரத்தில், மியின்கபா என்ற ஊர் இருக்கிறது. இன்று அங்கே பல வீடுகளில் மூங்கிலால் முடைந்த கிண்ணங்களுக்கு அரக்குப் பூசும் வேலை நடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இந்த ஊரில்தான் கிடைத்தது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தை, அதாவது இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூரைச் சேர்ந்த இராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி, புக்கமான அரிவத்தனபுரத்தில் இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் செய்து, கதவும் இட்டு, நின்று எரிவதற்கு நிலைவிளக்கு ஒன்றும் வைத்தார் என்பது அதன் செய்தி. புக்கம் என்பது பகான். அரிவத்தனபுரம் என்பது அரிமர்த்தனபுரம் என்ற அதன் வடமொழிப் பெயரைத் தமிழ் நாக்கு தனக்கேற்ப மாற்றிக்கொண்ட வடிவம். கல்வெட்டின் தொடக்கத்தில், திருமாலைப் போற்றும் முகுந்தமாலையின் வடமொழிச் செய்யுள் ஒன்று இருக்கிறது. அறத்திலும் பொருட்குவியலிலும் இன்பத்திலும் எனக்கு நாட்டமில்லை, பிறவிதோறும் உன் திருவடிப் பற்று மட்டும் மாறாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வணிகம் செய்யக் கடல் கடந்து வந்தவர்களின் கோயிலில் பொருட்குவியல் வேண்டாம் என்ற செய்யுளைத் தேர்ந்தெடுத்துப் பொறித்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

நானாதேசி என்றால் பல தேசங்களுக்கும் சென்று வணிகம் செய்தவர்கள். அவர்களைப் போன்ற ஐந்நூற்றுவர் குழுவினர் 1088-இல் சுமத்ராவின் பாருஸில் தமிழ்க் கல்வெட்டு வைத்தார்கள்; சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281-இல் தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு ஒன்று எழுந்தது. காற்று திசை மாறும்வரை கப்பல் திரும்ப முடியாத அந்தக் காலத்தில், அயலூரில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த இந்த மனிதர்களுக்குக் கோயில் வழிபாட்டு இடமாக மட்டும் இருந்திருக்காது. நீ யார், யாருடைய ஆள், உன் கடனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல ஆட்கள் கூடும் இடமாகவும் அது இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த விடை இல்லாதவருக்கு என்ன நேரும் என்பதையும் பகான் கல்வெட்டுகளே காட்டுகின்றன. அரசரும் செல்வரும் விகாரைகளுக்கு நிலமும் மாடும் எழுதிவைத்தபோது மனிதர்களையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். அந்தப் பட்டியல்களில் பர்மியர் இருக்கிறார்கள். குலா என்று குறிக்கப்பட்ட இந்தியர்களும் இருக்கிறார்கள். தனி ஆளாக, பேச்சும் புரியாமல், அந்த ஆற்றங்கரையில் போய் நிற்கும் காலப்பயணி அரசவையைவிட அந்தப் பட்டியலுக்கே மிக அருகில் நிற்கிறார். இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. எங்கள் நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன் இங்கே குடியிருந்த இனங்களையே இயல்பான குடிமக்களாகக் கொள்கிறது. கப்பலேறி வந்த என் தாத்தா எந்தத் தாளையும் எங்களுக்கு விட்டுவைக்கவில்லை. ஒரு மனிதனுக்காக இன்னொருவர் வந்து நின்று, இவரை எனக்குத் தெரியும் என்று சொல்வதன் மதிப்பைச் சிறு வயதிலேயே கண்டு வளர்ந்தவன் நான். 13-ஆம் நூற்றாண்டில் அடையாள அட்டை கிடையாது; ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் தேவை அங்கே பல மடங்கு பெரிது.

சரி, நம் அறிவு அங்கே உதவாதா? உதவும், ஆனால் நாம் பெருமையாக நினைக்கும் அறிவு உதவாது. 36 ஆண்டுகள் அமாக்சிசிலின் எடுத்துக் கொடுத்த எனக்கு அதில் ஒரு மாத்திரையைக்கூடச் செய்யத் தெரியாது. அதற்குப் பின்னால் தொழிற்சாலையும் வேதியியலும் பல நூறு பேரின் உழைப்பும் இருக்கின்றன. அவற்றில் எதையும் ஒருவர் தம்மோடு சுமந்து செல்ல முடியாது. அதற்கு மாறாக, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் வற்றிப்போகும் குழந்தை பிழைக்கும் என்ற அறிவைத் தலையிலேயே எடுத்துச் செல்லலாம். 1971-இல் வங்கதேச அகதி முகாம்களில் மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரும் அளவில் கொடுத்து உயிர்களைக் காத்த பிறகுதான் உலகம் இதை நம்பத் தொடங்கியது. பகானில் பனைவெல்லம் உண்டு, உப்பு உண்டு, மண்பானையும் விறகும் உண்டு. எதுவும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

ஒரு மழைக்கால இரவில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து படகில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. தோலைக் கிள்ளிவிட்டால் மடிந்த மடிப்பு அப்படியே நின்றது. மருத்துவமனைக்கு வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை நானும் அவரும் மாறி மாறிக் கரண்டியால் அந்த நீரை ஊட்டிக்கொண்டே இருந்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த அம்மா என்னை நம்பியதற்குக் காரணம் நீரின் செய்முறை அன்று. அவருடைய அக்கா எங்கள் கடைக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். பகானிலும் இதே நிலைதான் இருக்கும். பிக்கு ஒருவரோ வணிகக் குழுவின் பெரியவரோ முதலில் காலப்பயணியை ஏற்றுக்கொண்டால்தான் அவர் கொடுக்கும் நீரை ஒரு தாய் தன் குழந்தையின் வாயருகே கொண்டுபோக விடுவாள். அப்படி ஒரு குழந்தை பிழைத்துவிட்டால், அதன்பின் அந்த ஊரில் அவருக்குச் சோற்றுக்கும் கூரைக்கும் குறைவிருக்காது.

வருவதை முன்கூட்டியே அறிந்திருப்பதால் பெரிய நன்மை இல்லை. மங்கோலியப் படையோடு 1277-இல் போர் மூளும், பத்து ஆண்டுகளில் பகான் அரசன் நரதிகபதியின் ஆட்சி முடிந்துவிடும் என்று சொல்லும் அயலானை எந்த அரசன் அருகில் வைத்துக்கொள்வான்? பணத்திலும் அப்படியே. பகானில் நாணயம் அடிக்கவில்லை. வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்தார்கள். இன்று எங்கள் நாணயத்தின் பெயராக இருக்கும் கியாட், அன்று ஓர் எடையின் பெயர். உணவைப் பற்றிக் கேட்டால், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. மிளகும் இஞ்சியும் நல்லெண்ணெயும்தான். இதற்குப் பழகிக்கொள்ளலாம்.

நோயில் மட்டும் கவனம் தேவை. உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு பிறந்த எனக்குத் தோளில் அம்மை குத்திய வடு இருக்கிறது. அது ஓரளவாவது காக்கும். என் மகளுக்கு அந்த வடு இல்லை. ஆகவே அவளை நான் ஒருபோதும் அழைத்துப் போகமாட்டேன். நம் உடலோடு போகும் கிருமிகள் அவர்களுக்கு என்ன செய்யும் என்பதையும் காலப்பயணி நினைத்துப் பார்க்க வேண்டும். பயன் தனக்கு, கேடு ஊருக்கு என்று ஆகிவிடக் கூடாது.

கற்றுக்கொள்வதற்கோ அங்கே குறைவே இல்லை. பகான் சமவெளியில் கோயில்களும் தூபிகளுமாக 3,500-க்கும் மேற்பட்ட பழஞ்சின்னங்கள் இருக்கின்றன. கம்போடியாவின் அங்கோரில் கற்களைச் சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கிக் கூரையை மூடினார்கள். பகானின் கொத்தர்களோ செங்கற்களை ஆரமாகச் சாய்த்து அடுக்கி, ஒன்றையொன்று தாங்கும் உண்மையான வளைவுகளைக் கட்டினார்கள். கொத்தனாரான என் அண்ணன் ஆனந்தா கோயிலுக்குள் நுழைந்தபோது புத்தரை வணங்கிவிட்டு உடனே மேலே பார்த்தார். அவர் கேட்டதெல்லாம், இதற்கு அடியில் முட்டு எப்படிக் கொடுத்தார்கள், எத்தனை நாள் கழித்துப் பிரித்தார்கள் என்பதுதான். 1975 ஜூலை 8-ஆம் தேதியும் 2016 ஆகஸ்ட் 24-ஆம் தேதியும் நிலநடுக்கங்கள் பகானை உலுக்கின. பல கோயில்கள் விரிந்து சரிந்தன. பல நிலைத்து நின்றன. கட்டியவர்களின் பக்கத்தில் ஒரு பருவம் சித்தாளாக நின்று சாந்து குழைத்துக் கொடுத்தால் என் அண்ணனைப் போன்ற ஒருவர் கற்கக்கூடியது, பழுதுபார்க்கும் வேலைக்கு இன்றும் பயன்படும். காலப்பயணி அங்கே ஆசிரியராகப் போவதைவிட மாணவராகப் போவதே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

மொழியிலும் இதே நிலை. 1960-களில் பள்ளிகள் அரசுடைமையாக்கப்பட்ட பிறகு எங்களுக்குத் தமிழ் வகுப்பு இல்லாமல் போனது. கோயில் மண்டபத்தில் பெரியவர் ஒருவர் மாலை நேரங்களில் சொல்லிக்கொடுத்ததால்தான் நான் எழுதப் படித்தேன். ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்று நாம் எழுதும் தமிழுக்கு வரம்பு கட்டிய நன்னூல் தோன்றியதும் அதே 13-ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், செந்தமிழ் அறிந்த ஒருவர் குலசேகர நம்பியோடு தட்டுத்தடுமாறியாவது பேசிவிடலாம் என்று நம்புகிறேன். அவர் எழுதியதைப் படிப்பது அதைவிடக் கடினம். அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்தவும் இல்லை. ஆனாலும் மண்டபம், கதவு, விளக்கு என்ற அவருடைய சொற்கள் என் பேத்திக்குக்கூடத் தெரிந்தவை. அவர் வாயில் றகரம் எப்படி ஒலித்தது என்று கேட்பதற்காகவே நான் அந்த நூற்றாண்டுக்குப் போவேன்.

ஒரே ஒரு முறைதான் போகலாம் என்றால், சற்று முன்னதாக, 1113-க்குப் போவேன். அந்த ஆண்டில்தான், இதே மியின்கபாவில், இளவரசர் ராஜகுமாரர் தம் தந்தையான அரசர் கியான்சித்தா நோயுற்றுக் கிடந்தபோது செய்த தானத்தை மியாசேதிக் கல்வெட்டில் நான்கு மொழிகளில் பொறித்தார். பாலி இன்றும் ஓதப்படுகிறது. மோன் மொழி எங்கள் மோல்மீன் சந்தையில் அன்றாடம் கேட்கிறது. பர்மிய மொழி நாடெங்கும் பேசப்படுகிறது. நான்காவதான பியூ மட்டும் இறந்துவிட்டது. 1911-இல் பிளாக்டன் என்ற அறிஞர் இந்தக் கல்லின் துணைகொண்டுதான் அதைப் படிக்கத் தொடங்கினார். இன்றும் அது முழுமையாக விளங்கவில்லை. ஸ்ரீ க்ஷேத்திரம் போன்ற நகரங்களை எழுப்பிய மக்களின் மொழி அது.

அந்த ஊரில் யாராவது ஒரு பியூ மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். என் பேரப்பிள்ளைகளிடம் நான் தமிழில் கேட்கிறேன். அவர்கள் பர்மிய மொழியில் பதில் சொல்கிறார்கள். அந்த மூதாட்டிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் பர்மிய மொழியில் பதில் சொல்லத் தொடங்கிய பிறகும் அவர் அவர்களோடு பியூவிலேயே பேசிக்கொண்டிருந்தாரா, அல்லது ஏதோ ஒரு நாள் நிறுத்திக்கொண்டாரா, நிறுத்தியிருந்தால் கடைசியாக எந்தச் சொல்லை அந்த மொழியில் சொன்னார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவேன்.