ஆட்டோமேட்டிக் கார்ல ஸ்போர்ட் மோட் எப்போ போடணும், தினமும் போட்டா வண்டிக்குக் கெடுதலா?

மேனுவல்ல இருந்து இப்பதான் ஆட்டோமேட்டிக்குக்கு மாறியிருக்கீங்க, லிவர்ல டி-க்கு (எப்பவும் ஓட்டுற டிரைவ்) பக்கத்துல எஸ்-னு (ஸ்போர்ட்) ஒன்னு இருக்கு, அத எப்போ தொடணும், தினமும் போட்டா எஞ்சின் கெட்டுப்போயிடுமான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஒன்னு தெளிவா சொல்லிடுறேன், எஸ் போட்டா எஞ்சினுக்குப் புதுசா பவர் எதுவும் வந்துடாது. கியர்பாக்ஸ் சீக்கிரம் மேல் கியருக்குப் போகாம கீழ் கியரையே பிடிச்சு வச்சிருக்கும், ஆக்சிலரேட்டர லேசா மிதிச்சாலே வண்டி கிளம்பும், சில வண்டில ஸ்டியரிங் கொஞ்சம் இறுக்கமாகும். அவ்ளோதான். அதனால கியர் மாறாம நிக்கணும்னு நீங்க நினைக்கிற இடத்துலதான் இதுக்கு வேலை, என்னைக் கேட்டா அதுல முதல் இடம் மலை ரோடுதான்.

ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறுறீங்கன்னு வைங்க, 40 கொண்டை ஊசி வளைவு. டி-ல போனா என்ன ஆகும்னா, வளைவுக்கு முன்னாடி கால எடுக்குறீங்க, இவரு பெட்ரோல மிச்சம் பண்ணத்தான் சொல்றாருன்னு நினைச்சு கியர்பாக்ஸ் மூணாவதுக்கோ நாலாவதுக்கோ போயிடும், வளைச்சு முடிச்சு மறுபடி மிதிக்கும்போது வண்டி இழுக்காது, ஒரு நொடி யோசிச்சுட்டு அப்புறம் சடார்னு ரெண்டாவதுக்கு இறங்கி ஒரு குலுக்கு குலுக்கி ஏறும், அதுக்குள்ள பின்னாடி வர்ற பஸ் ஹார்ன் அடிக்க ஆரம்பிச்சிடும். இது ஒவ்வொரு வளைவுலயும் நடக்கும். எஸ் போட்டா ரெண்டாவதுலயே நின்னு ஒரே சீரா ஏறும். டர்போ பெட்ரோல் வண்டின்னா வித்தியாசம் இன்னும் நல்லா தெரியும், ஏன்னா எஞ்சினுக்குக் கூடுதல் காத்த அழுத்தி அனுப்புற டர்போ, சுமார் 1500 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) கீழ முழுசா வேலை செய்யாது.

ஏறுறத விட இறங்குறதுதான் முக்கியம், இத தயவுசெஞ்சு கவனமா படிங்க. மலைப் பாதைல 'இரண்டாவது கியரில் இறங்கவும்'னு போர்டு பாத்திருப்பீங்க. ஆட்டோமேட்டிக் ஓட்டுற நிறைய பேர் அது மேனுவல் வண்டிக்குத்தான்னு நினைச்சு டி-லயே பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குறாங்க. கொல்லிமலை மாதிரி 70 வளைவு இருக்கற ரோட்ல அப்படி இறங்கினா பாதி தூரத்துலயே கருகுற வாடை வந்துடும், பிரேக் பேட் சூடாகி, பிரேக் ஆயில் கொதிக்கிற அளவுக்குப் போச்சுன்னா பெடல் அப்படியே உள்ள போகும், பிரேக் பிடிக்காது. எஸ் போட்டா, இல்ல மேனுவல் எம்-ல ப்ளஸ் மைனஸ் இருந்தா அதுல ரெண்டாவது வச்சா, எஞ்சினே வண்டியோட வேகத்தப் பிடிச்சு வச்சிருக்கும், இதத்தான் எஞ்சின் பிரேக்கிங்னு சொல்றது, பிரேக்க வளைவுக்கு முன்னாடி மட்டும் மிதிச்சா போதும். இறங்கும்போது எஸ்-ஐ விட எம் இன்னும் நல்லது, ஏன்னா சில வண்டில எஸ்-லயும் கால எடுத்தா கொஞ்ச நேரத்துல மேல் கியர் போட்டுடும். பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்ல பெரும்பாலும் எஸ் இருக்காது, 2, எல்-னு (கீழ் கியர்) இருக்கும், அதப் போடுங்க. ஆர்பிஎம் முள்ளு மூவாயிரத்தத் தாண்டி சத்தம் வருதேன்னு பயப்படாதீங்க, சிவப்புக் கோட்டுக்குக் கீழ இருக்கற வரைக்கும் எஞ்சினுக்கு ஒன்னும் ஆகாது.

நம்ம ஊர்ல இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்னு ஒரு பழக்கம் இருக்கு, அத இதோட விட்டுடுங்க. இப்ப வர்ற வண்டில கியர்லயே வச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இறக்கத்துல எஞ்சினுக்குப் பெட்ரோல் போறதே நின்னுடும், நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்குச் செலவாகும், கூடவே எஞ்சின் பிரேக்கிங்கும் போயிடும். கருகுற வாடை வந்தாச்சுன்னா ஓரமா பாதுகாப்பான இடமா பாத்து நிறுத்தி ஆற விடுங்க, சீக்கிரம் ஆறட்டும்னு சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் நெளிஞ்சுடும்.

அடுத்தது ஓவர்டேக். டிவைடர் இல்லாத ரெண்டு வழி ரோட்ல லாரிக்குப் பின்னாடி போறீங்க, டி-ல மிதிச்சா கியர் இறங்கவே ஒரு நொடி எடுக்கும், 80 வேகத்துல ஒரு நொடின்னா 22 மீட்டர், அதுவும் எதிர்ப்பக்க ட்ராக்ல. அதனால எதிர்ல ரோடு காலியான்னு பாக்குறதுக்கு முன்னாடியே எஸ்-க்கு மாத்தி வச்சுக்கங்க, தாண்டினதும் டி-க்கு வந்துடுங்க. ஓடும்போதே டி, எஸ் மாத்தலாம், ஒன்னும் ஆகாது. பார்க்கிங்கும் ரிவர்ஸும் மட்டும் வண்டி முழுசா நின்னப்புறம்தான்.

டவுன் ட்ராபிக்ல எஸ் வேண்டவே வேண்டாம், வண்டி துள்ளித் துள்ளிப் போகும், மைலேஜ் குறையும், பின்னாடி உக்காந்திருக்கற குழந்தைங்களுக்குக் குமட்டும். மழைல ரோடு வழுக்கும்போதும் வேண்டாம், லேசா மிதிச்சதுக்கே சக்கரம் சுத்திடும். காலைல ஸ்டார்ட் பண்ணதும் எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடியும் விட்டுடுங்க.

கெடுதலான்னு கேட்டதுக்கு, எஸ் போடுறதால மட்டும் எதுவும் கெடாது, கம்பெனிக்காரங்க அந்த ஆர்பிஎம்முக்குத்தான் வண்டியவே செஞ்சிருக்காங்க, பெட்ரோல்தான் கூட குடிக்கும். கியர்பாக்ஸ உண்மையா கெடுக்கறது வேற ஒன்னு. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸ்லயே கிளட்ச்சையும் கியரையும் வண்டியே மாத்திக்கறது), டிசிடி (ரெண்டு கிளட்ச் இருக்கறது) வண்டில மேட்டுல ட்ராபிக் நிக்கும்போது பிரேக்க மிதிக்காம ஆக்சிலரேட்டர லேசா அழுத்தி வண்டிய நிறுத்தி வைக்கிறாங்க பாருங்க, அதுல கிளட்ச் சூடாகித் தேஞ்சு போகும். அங்க கால் பிரேக், நேரமாகும்னா ஹேண்ட்பிரேக். சிவிடி (தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடுற ஆட்டோமேட்டிக்) வண்டில இந்தக் கிளட்ச் பிரச்சனை இல்லன்னாலும் அதே பழக்கத்த வச்சுக்கங்க.