கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தது யார்?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ரயிலில் கொல்லம் போய், மன்றோ தீவில் ஒரு ஹோம்ஸ்டேயில் இரண்டு நாள் தங்கினோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். நிம்மதி தேடித்தான் போனோம். பக்கத்து அறைகளில் தென்காசிப் பையன்கள் எட்டுப் பேர். ராத்திரி இரண்டு மணிவரை புளூடூத் ஸ்பீக்கர், குடி, கும்மாளம். மறுநாள் காலை வள்ளத்தில், அதாவது சின்னப் படகில், சுற்றிவிட்டு வந்தால் (அத்தைக்கு முழங்கால் வலி, அறையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்), அதில் ஒரு பையன் அவருக்குக் கட்டன் சாயா (பால் விடாத டீ) வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறான்! மாலையில் எங்களுக்கு முன்னால் போன வள்ளத்தில் எழுந்து நின்று ஆட்டம் வேறு. இவர்களுக்கெல்லாம் எப்படிப் புத்தி சொல்வது?

- வாசகி, செங்கோட்டை

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம்.

"அறையிலேயே இருக்கட்டும்" என்று முடிவு செய்தது யார்? அத்தையைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் "வரவில்லை என்றார்" என்றுதான் எழுதியிருப்பீர்கள். ராத்திரி முழுக்கக் குடித்தார்கள் என்று நீங்களே சொல்லும் எட்டுப் பேருக்குப் பக்கத்தில், தெரியாத ஊரில், ஒரு வயதான பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவர்கள் அவ்வளவு மோசமானவர்கள் என்றால் எப்படி விட மனம் வந்தது? அவ்வளவு மோசமில்லை என்றால் அந்தச் சாயா மேல் ஏன் இத்தனை கோபம்? வீட்டு ஆள் செய்திருக்க வேண்டியதை வெளியாள் செய்துவிட்டான். உங்களை உறுத்துவது அதுதான்.

முழங்கால் வலி வள்ளத்தில் ஏறாமல் இருப்பதற்குக் காரணமே அல்ல. கஷ்டம் இரண்டு இடத்தில்தான்: கடவுப் (படகுத்துறை) படியிலிருந்து காலைக் கீழே இறக்கும்போதும், தாழ்வான பலகையிலிருந்து எழும்போதும். தீவை ஒட்டிய அஷ்டமுடிக் காயலில் கடல் ஓதம் ஏறி இறங்கும். தண்ணீர் ஏறியிருக்கும்போது வள்ளத்தின் விளிம்பு படிக்கு நெருக்கமாக வந்துவிடும். எந்த நேரத்தில் ஏறுவது சுலபம் என்று ஹோம்ஸ்டேக்காரரிடமே கேட்கலாம். ஓதம் ஏறினால் சின்னக் கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் தலை குனிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒவ்வொருவர் வள்ளத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தை முதலில் படியில் உட்கார்ந்து, திரும்பி, இரண்டு காலையும் வள்ளத்தின் நடுவில் வைக்க வேண்டும். விளிம்பில் மிதித்தால் சாய்ந்துவிடும். உட்காரக் குட்டையான நாற்காலி நல்லது. நாற்காலியின் காலுயரம் கூடினால் பாரம் மேலே போய் ஆட்டம் அதிகமாகும். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள். அந்த இரண்டு பேர் உங்கள் வீட்டுக்காரரும் வள்ளக்காரருமாக இருந்திருந்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சரி, அதுவும் முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தீவுக்குள் ஆட்டோ ஓடுகிறது. கதம்பையை (தேங்காய் மட்டை) ஊறப்போட்டுக் கயிறு திரிக்கிற வேலையைக் கரையில் நின்றே பார்க்கலாம். (போகும்போது தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண் பாலம் வந்ததே, ஜன்னல் சீட் யாருக்குக் கிடைத்தது?)

இனி பையன்கள். அவர்கள் செய்தது தப்புதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். அங்கே கால்வாயின் இரு கரையிலும் வீடுகள். ராத்திரியில் தண்ணீருக்கு மேலே காற்று குளிர்ந்து கிடக்கும்போது சத்தம் மேலே போகாமல் கீழ்நோக்கி வளைந்து தூரம் தூரமாகப் போகும். உங்களுக்கு இரண்டு ராத்திரி. அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதை.

ஆனால் நீங்கள் ஒரு தடவையாவது எழுந்து போய்ச் சொன்னீர்களா? உங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், பேச்சும் ஒரே பேச்சு. குடி ஏறின பிறகு, நடுராத்திரியில் சொன்னால் சண்டையில்தான் முடியும். ஒன்பது மணிக்கு, உங்கள் கணவர் போய், கூட்டத்தில் மூத்தவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பெரியவங்க இருக்காங்க, பத்து மணிக்கு மேல வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்காவிட்டால் ஹோம்ஸ்டேக்காரர். அதற்கும் அடங்காவிட்டால் 112. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணிவரை புழுங்கியது யார் தப்பு? அடுத்த முறை முன்பணம் கட்டும் முன், மற்ற அறைகளில் குடும்பமா, கூட்டமா, ராத்திரி எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வள்ளத்தில் எழுந்து நின்றது மட்டும் சத்தத்தைப் போல விட்டுவிடக்கூடியது அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வள்ளக்காரர் கழியைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு, "உட்கார்ந்தால்தான் போவேன்" என்று நின்றிருக்க வேண்டும். பின்னால் வந்த நீங்களாவது அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பையன் என்ன பேசினான் என்று அத்தையிடம் கேட்டீர்களா? இன்று ராத்திரி கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை போனைத் தொட வேண்டாம். பிறகு, மறுபடியும் மன்றோ தீவு போக ஆசையா என்றும் அவரிடமே கேளுங்கள். போவதானால், குட்டை நாற்காலி வேண்டும் என்று ஹோம்ஸ்டேக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். காலை ஆறு மணிக்குக் கடவில் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்காது.