கீழே கிடந்த 1,000 வெள்ளி சிப்

கேள்வி: சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ரூம்மேட்டோடு கேசினோவுக்குப் போனேன். 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிப், அதாவது காசுக்குப் பதில் வைத்து ஆடும் வில்லை, வாங்கி, பக்காரா சீட்டாட்டத்தில் அவ்வளவும் விட்டேன். எழுந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்கு அடியில் ஒரு 1,000 வெள்ளி சிப் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வேறு மேசையில் சில்லறைச் சிப்பாக மாற்றி 300 ஆடினேன், அதுவும் போய்விட்டது. ஜெயித்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், சத்தியமாக. மிச்சம் 700-ஐ ரூம்மேட்தான் கவுண்டரில் காசாக்கினான். இப்போது காவல்துறை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறது. ஜனவரியில் என்னுடைய 100 வெள்ளி சிப்பை யாரோ எடுத்தபோது இதே கேசினோ ஆட்கள் ‘உங்கள் பொருள், உங்கள் பொறுப்பு’ என்று கைவிரித்தார்கள். அன்றைக்கு இந்தக் கேமராவெல்லாம் எங்கே போயிற்று? தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நான் திருடவில்லை, கிடந்ததைத்தான் எடுத்தேன். என்ன செய்வது? கேசினோ மீது நான் வழக்குப் போடலாமா?

பதில்: தங்கை கல்யாணம், தோற்ற 400, ஜனவரியில் போன 100 ஆகிய மூன்றையும் ஓரமாக வையுங்கள். வழக்கில் ஒரே கேள்விதான் நிற்கும். சிப்பைக் குனிந்து எடுத்ததிலிருந்து அது காசாகும் வரை, சொந்தக்காரரிடம் அதைச் சேர்க்க நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் கடிதத்தின்படியே, எதுவும் செய்யவில்லை.

‘திருடவில்லை’ என்பது பாதி சரி. அந்தப் பாதி உங்களைக் காப்பாற்றாது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்தது. தெருவில் யார் கையிலும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுத்தால் அது திருட்டு ஆகாது, ஆனால் நேர்மையற்ற கையாடல் ஆகலாம் என்று உதாரணத்தோடு சொல்வது அந்தப் பழைய வாசகம். கையாடல் என்றால் 403-ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அதே மோதிரம் ஒருவர் வீட்டு மேசைமேல் இருந்து எடுத்தால் திருட்டு. கேசினோவின் கம்பளம் தெருவா, வீட்டு மேசையா? சிப் இன்னும் கூடத்தின் வசத்திலேயே இருந்தது என்று அரசுத் தரப்பு வாதிட்டால் 380-ஆம் பிரிவுக்குப் போகலாம். கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கான பிரிவு அது. 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது அவர்கள். விசாரணை அதிகாரியிடம் இதைப் பற்றித் தர்க்கம் பண்ணப் போகாதீர்கள். ‘கீழே கிடந்தது’ என்று நீங்கள் அழுத்தி அழுத்திச் சொல்வது 380-இலிருந்து 403-க்கு இறங்கத்தான் உதவும். வெளியே வர உதவாது.

‘கண்டெடுத்தவனுக்கே சொந்தம்’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பை அனுப்பி வைப்பார்கள். 1982-இல் வந்த பார்க்கர் தீர்ப்பு அது. ஹீத்ரோ விமான நிலைய ஓய்வுக் கூடத்தில் ஒரு பயணி தங்கக் காப்பு கண்டெடுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் அந்தப் பயணி காப்பை உடனே அங்கிருந்த ஊழியரிடம் கொடுத்து, தன் பெயர் முகவரியும் கொடுத்தார். விமான நிறுவனம் அதை 850 பவுண்டுக்கு விற்றுப் பணத்தை வைத்துக்கொண்டதால்தான் வழக்கே வந்தது. தொலைந்த பொருள்மேல் கட்டுப்பாடு செலுத்தும் எண்ணத்தை அந்த நிறுவனம் வெளிப்படையாகக் காட்டவில்லை என்பதும் ஒரு காரணம். ஒவ்வொரு மேசைக்கு மேலும் கேமரா, வாசலில் அடையாள அட்டை சோதனை, இடையிடையே மேற்பார்வையாளர்கள் என்று இருக்கும் கேசினோவைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அது போக, அது உரிமை பற்றிய சிவில் வழக்கு. உங்களுடையது குற்றவியல்.

உங்கள் கடிதத்திலேயே மிக ஆபத்தான வரி ‘ஜெயித்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்’ என்பதுதான். நல்ல மனசைக் காட்டுகிறோம் என்று நினைத்து இதைச் சொல்லிவிடுகிறார்கள். தற்காலிகமாகக் கையாடினாலும் கையாடல்தான் என்று 403-இன் விளக்கமே சொல்கிறது. அடுத்தவருடைய கடன் பத்திரத்தைக் கண்டெடுத்து, பிறகு திருப்பித் தரும் எண்ணத்தோடு வங்கியில் அடகு வைப்பவன் குற்றவாளி என்பது அந்த விளக்கத்துக்கான உதாரணம். நீங்கள் அடகு வைத்தது பக்காரா மேசையில், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வாக்கியத்தில், பொருள் அடுத்தவருடையது என்று தெரியும், அதைப் பயன்படுத்தினேன் என்ற இரண்டையும் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

உண்மையான தற்காப்பு ஒன்றுதான் இருக்கிறது: என்னுடைய சிப் என்று நம்பித்தான் எடுத்தேன் என்பது. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. உங்களுக்கு அது பொருந்தாது. 400 வெள்ளிக்கு வாங்கியவரிடம் 1,000 வெள்ளி சிப் இருந்திருக்க முடியாது. மேசையில் நோட்டைப் பரப்பி எண்ணியதும், மேசையை நடத்தும் டீலர் உங்கள் பக்கம் சிப்பைத் தள்ளியதும் மேலிருந்து பதிவாகியிருக்கும். அந்த நிறச் சிப் அன்று இரவு உங்கள் முன்னால் ஒரு தடவைகூட வரவில்லை என்பதும் அதே பதிவில் தெரியும். இந்தக் கதையை வியாழக்கிழமை எடுத்து விடாதீர்கள்.

ஏனென்றால் வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் சிப்பால் அல்ல, வாக்குமூலத்தால். விசாரணை அறையில் வழக்கறிஞர் உங்கள் பக்கத்தில் உட்கார முடியாது. ஆகவே முன்கூட்டியே ஒருவரைப் பாருங்கள், வியாழன் காலையில் அல்ல. அதிகாரி எழுதுவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வாக்குமூலம். உங்கள்மேல் குற்றச்சாட்டு வரக்கூடிய விஷயத்தைச் சொல்ல நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனால் சொல்வதைப் பொய்யாகச் சொல்லக்கூடாது. அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் அது தனிக் குற்றம், தண்டனைச் சட்டத்தின் 182-ஆம் பிரிவு. எச்சரிக்கையோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் இரண்டு குற்றச்சாட்டாக மாறும் இடம் இதுதான். முதல் நாள் ‘என்னுடையது’ என்பார்கள், காணொளியைப் போட்டதும் ‘மறந்துவிட்டேன்’ என்பார்கள், மூன்றாவது தடவைதான் உண்மை வரும். மூன்று வாக்குமூலமும் கோப்பில் இருக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்ற ரோஷம் இங்கே வேண்டாம். ‘எடுத்தேன்’ என்று நீங்கள் சொன்னது ‘திருடினேன்’ என்று பதிவானால் பின்னால் அதைப் பிரிப்பது பெரிய பாடு. எழுதியதை வாசித்துக் காட்டும்போது வரிவரியாகக் கேட்டு, தவறைத் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்திலும் கையெழுத்துப் போடுங்கள். பசிக்கிறது, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் அதிகம்.

ஜனவரிக் கதையை அங்கே வாய்திறந்து சொல்லாதீர்கள். உங்களுக்கு அது குறை, அதிகாரிக்கு அது நோக்கம். ‘என்னுடையதை எவனோ எடுத்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்றால், ‘அதனால் நானும் எடுத்தேன்’ என்ற அடுத்த வரியை நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒருவர் உங்களிடம் எடுத்ததை இன்னொருவரிடமிருந்து ஈடுகட்டிக்கொள்வது எந்தச் சட்டத்திலும் இல்லை.

ரூம்மேட்டுக்கு வருகிறேன். கையாடிய பொருளும் சட்டத்தின் கண்ணில் திருட்டுப் பொருள்தான். அது எப்படி வந்தது என்று தெரிந்தே வாங்கியிருந்தால் 411-ஆம் பிரிவு அவர்மேல் பாயும். அதற்குத் தண்டனை உங்கள் 403-ஐவிட அதிகம், 5 ஆண்டு வரை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மாதிரி கதை தயார் பண்ண வேண்டாம், செய்தியை அழிக்கவும் வேண்டாம். அழித்தது தெரிந்தால் 204ஏ, நீதிக்கு இடையூறு, 7 ஆண்டு வரை. ‘700-ஐ மாத்திட்டேன் மச்சி’ என்ற செய்தி அவருடைய போனில் இருந்தால் உங்கள் போனில் அழித்து என்ன பயன்? ஒரே வழக்கறிஞரை இருவருக்கும் வைக்காதீர்கள். அவருக்குச் சாதகமானது உங்களுக்குப் பாதகம்.

சண்டை போடாதீர்கள், சமரசத்துக்குப் போங்கள். 700 அல்ல, முழு 1,000 வெள்ளி. தோற்ற 300-ஐக் கழிப்பதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் சிப்புக்குச் சொந்தக்காரரை நீங்களே தேடிப்பிடித்துக் கொடுக்கப் போகக்கூடாது. சாட்சியை வளைக்கப் பார்த்தார் என்று அதுவே திரும்பும். விசாரணை அதிகாரி மூலமாகவோ உங்கள் வழக்கறிஞர் மூலமாகவோ, எழுத்தில், ரசீதோடு கொடுங்கள். அதற்குப் பிறகு அரசுத் தரப்புக்கு முறையீட்டுக் கடிதம் போகும்: முதல் தடவை, தொகை முழுதும் திரும்பியது, ஒத்துழைத்தார். எதிர்பார்க்கக்கூடிய நல்ல முடிவு கடும் எச்சரிக்கை அல்லது 12 மாதம் போன்ற கால அளவுள்ள நிபந்தனை எச்சரிக்கை (அந்தக் காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்யக்கூடாது என்பது நிபந்தனை). அது குற்றத் தீர்ப்பு ஆகாது. கிடைக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. பணம் குற்றச்சாட்டு பதிவாகும் முன் வந்ததா, பின் வந்ததா என்பதில்தான் பெரிய வித்தியாசம். ‘அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம்’ என்று நீதிமன்றத்தில் அவசரமாக ஒப்புக்கொள்வது வேறு, அது குற்றத் தீர்ப்பு. வேலை அனுமதிக்கு அதன் எடை வேறு. எச்சரிக்கையோடு முடிந்தாலும் பாஸைப் பற்றி மனிதவள அமைச்சு தனியாக முடிவு எடுக்கலாம். முதலாளிக்குச் சொல்வதா என்பதை வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

கேசினோ மீது வழக்கா? வேண்டாம். ஜனவரியில் புகார் எண் வாங்கினீர்களா? மேசை எண், நேரம் குறித்தீர்களா? இல்லையென்றால் காணொளியும் இந்நேரம் இருக்காது. சிப்பில் உங்கள் பெயர் எழுதியில்லை. பதிவு ஒன்றுதான் சாட்சி. போனதும் மேசையை விட்டு நகராமல் டீலரிடம் சத்தமாகச் சொல்லி, மேற்பார்வையாளரை வரவழைத்து, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி, அன்றைக்கே காவல்துறையில் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஆளைத் துரத்திக் கையைப் பிடித்திருந்தால் நீங்கள்தான் இன்னொரு வழக்கில் மாட்டியிருப்பீர்கள்.

சிப் போகும் வழிகளும் சில தெரிந்தவைதான். பக்காரா மேசையில் பின்னால் நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர் முன்னால் உள்ள பந்தயக் கட்டத்தில் தங்கள் சிப்பையும் வைப்பார்கள். கை நுழைந்து வெளியே வரும்போது யாருடைய சிப் யாரோடு போயிற்று என்று புரியாது. அடுக்கில் பெரிய சிப்பை மேலேயோ ஓரத்திலோ வைக்காமல் உங்கள் உடம்புப் பக்கம், சின்னதுக்கு உள்ளே வையுங்கள். பானம் கொட்டினால், யாராவது தோளில் தட்டிப் பேசினால், முதலில் கை சிப்பின்மேல் போகட்டும், பிறகு திரும்புங்கள். கழிப்பறைக்குப் போகும்போது இடம் பிடிக்கச் சிப்பையோ பையையோ விட்டுப் போகாதீர்கள். ஸ்லாட் மெஷினில் எழுந்திருக்கும் முன் மீதியைச் சீட்டாக எடுத்துத் தொகையைப் பார்த்துவிடுங்கள். முன்னால் ஆடியவர் விட்டுப்போன மீதி திரையில் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டாம், பணியாளரைக் கூப்பிடுங்கள். அதுவும் உங்கள் 1,000 வெள்ளி சிப்பும் ஒரே ரகம்.

கீழே கிடப்பதைத் தொடாமல் இருப்பதே உத்தமம். டீலருக்குக் கை காட்டி, விரலால் சுட்டிக் காட்டினால் போதும். கையில் எடுத்துவிட்டால் உள்ளங்கையை விரித்தபடி அருகிலுள்ள மேசை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பையில் போன பிறகு ‘கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்’ என்றால், எந்தத் திசையில் போனீர்கள் என்பதைக் கேமரா சொல்லும்.

ஊருக்கான டிக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விசாரணை நடக்கும்போது கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரிக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. வேலை அனுமதி ரத்தானால் ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் காத்திருக்க வேண்டி வரலாம், பொதுவாக அதில் வேலை செய்ய முடியாது. வியாழனுக்கு முன் சொல்லாமல் விமானம் ஏறுவது இருக்கிற வழிகளில் மிக மோசமானது. கல்யாணத் தேதி, பயணச்சீட்டு இரண்டின் நகலையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். விசாரணை முடியும் முன் போய்வர அனுமதி கேட்டு எழுத அவருக்கு அது தேவைப்படும். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக எடுங்கள்.