புளிசாதமும் வெள்ளை ஒயினும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் சிலர் மே மாதம் ஏற்காட்டில், எங்களில் ஒருவருடைய காப்பித் தோட்டத்து வீட்டில் கூடினோம். எலைட் கடையில் வாங்கிய நான்கு வெள்ளை ஒயின்களை ஐஸ் பெட்டியில் புதைத்துக் கொண்டுபோயிருந்தோம். சாப்பாடு வழக்கமான கட்டுச்சோறுதான்: புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், தட்டுவடை, கடைசியில் மல்கோவா. நான்கு பாட்டிலும் புளித்த தண்ணீர்போல இருந்தன. சட்னி வைக்காத வெறும் தட்டையைக் கடித்தபோது மட்டும் நான்கில் ஒன்றான சாவின்யோன் பிளாங்க் திடீரென்று நன்றாக இருந்தது. நம் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவராதா? அல்லது இந்தச் சுவை பார்ப்பதே ஒரு பாவனையா? நண்பர் ஒருவர் ஒவ்வொரு மிடற்றையும் கோப்பையில் துப்பினார். அது நாகரிகமா?

ச., அழகாபுரம், சேலம்

அன்புள்ள ச.,

பாவனை நிறைய உண்டு. ஒரு மிடற்றை வாயில் வைத்துக்கொண்டு நெல்லிக்காய், நனைந்த கல், வெட்டிய புல் என்று அடுக்குபவர்களிடம் எனக்கும் பொறுமை இல்லை. ஆனால் உங்கள் நான்கு பாட்டில்களைக் கெடுத்தவை ஐஸும் புளியும்.

ஐஸ் விஷயம் எளிது. வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி போதும். ஐஸில் புதைத்த பாட்டில் அதற்கும் கீழே போய்விடும். அந்தக் குளிரில் வாசனை மேலெழாது, இனிப்பும் மங்கும், புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நான்கும் ஒன்றுபோல இருந்ததில் வியப்பில்லை. ஊற்றிய பிறகு கிண்ணத்தை இரு கைகளாலும் பொத்திச் சற்று நேரம் வைத்திருந்து முகர்ந்திருந்தால், சாவின்யோன் பிளாங்கிலிருந்து கீறிய குடமிளகாயின் பச்சை வாசனை வந்திருக்கும். இது நான் மேலே கேலி செய்த வகைப் பேச்சு அல்ல. குடமிளகாய்க்கு மணம் தரும் அதே பைரசின் சேர்மங்கள் அந்த ஒயினுக்கான திராட்சையிலும் இருக்கின்றன.

புளிதான் பெரிய விஷயம். பிரெஞ்சுக்காரர் புல்வெளிக்கு எடுத்துப் போவது ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆறிப்போன கோழி. அந்தத் தட்டில் புளிப்பே இல்லை. அதைக் கொண்டுவருவது ஒயினின் வேலை. நம் கட்டுச்சோறு வழியில் கெடாமலிருக்கவே புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்த்துக் கிளறப்படுகிறது. அதில் புளிப்பு, உப்பு, காரம் எல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. இத்தனைக்கும் புளியிலும் திராட்சையிலும் முதன்மையாக இருப்பது ஒரே டார்டாரிக் அமிலம்தான். அதைப் புளிக்காய்ச்சலாகச் சுண்டவைத்துச் சாப்பிட்ட நாக்குக்கு அடுத்து வரும் ஒயின் தண்ணீராகத்தான் தெரியும். மல்கோவாவுக்கு நேர் எதிரான வேலை: பழத்தின் இனிப்புக்குப் பின் இனிப்பில்லாத ஒயின் கடுகடுவென்று புளிக்கும். தண்ணீராக்கியது சாதம், புளிக்கவைத்தது பழம்.

மிளகாய் தூவிய மாங்காயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காரத்தையும் சூட்டையும் உணர்வது ஒரே நரம்பு ஏற்பி. சாதாரணமாக 42 டிகிரியில் விழித்துக்கொள்ளும் அது, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. வாயின் சொந்தச் சூடே எரிச்சலாகிவிடும். காரத்துக்கு ஒயின்தான் வேண்டுமென்றால், ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைத் தேடுங்கள்.

இனி உங்கள் தட்டை. கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். அரிசி மாவு, உப்பு, எண்ணெய். கடித்தால் நொறுங்கி, உதட்டில் ஒரு மினுமினுப்பு மிஞ்சும். உப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கிறது. புளிப்பு நாக்கில் படிந்த எண்ணெயை வழித்து எடுக்கிறது. அடுத்த தட்டைக்குக் கை தானாகப் போகும். இரண்டு தட்டைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் காரச் சட்னியும் வைத்துச் செட்டாக்கிவிட்டால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். செட்டின் பெருமையை நான் குறைக்கவில்லை. சேலத்துக்காரரிடம் அந்த வம்புக்கு யார் போவார்?

ஆகவே அடுத்த முறை தூக்கைத் திறக்கும் முன்பே ஒயின்களைச் சுவைத்துவிடுங்கள். பிறகு தட்டை, முறுக்கு, காரம் குறைத்த உருளைக்கிழங்கு வறுவல், மிளகு தூவி வறுத்த மீன் ஆகியவற்றோடு மறுபடி பாருங்கள். நாசிக்கின் சூலா நிறுவனம் 2000-இல் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒயின்களிலேயே சாவின்யோன் பிளாங்கும் செனின் பிளாங்கும் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். தயிர்சாதத்தோடு செனின் பரவாயில்லை. எனக்கு நீர்மோர்தான் அதற்கு மேல். புளிசாதத்தையும் மல்கோவாவையும் பாட்டில்களை மூடிவைத்த பிறகு சாப்பிடுங்கள். மல்கோவாவுக்கு எந்தத் துணையும் வேண்டியதில்லை.

வீட்டுத் திண்ணையில் குடித்தீர்களே, அது நல்லது. ஏற்காட்டின் பகோடா பாயின்ட் பாறையில் பாட்டிலைத் திறந்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது உங்கள் மாவட்டத்தில்தான் என்பதையும் நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.

துப்பியவரைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டாம். பல ஒயின்களைத் தொடர்ந்து சுவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். நாலைந்து மிடறு உள்ளே போனால் நாக்கின் கூர்மை மழுங்கிவிடும். அதற்காக, துப்பியவர்தானே என்று அவரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடம்பில் ஏறவே செய்யும். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரவு அங்கேயே தங்குங்கள், அல்லது ஒரு துளியும் தொடாத ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள்.